அக்கா கேட்டது பாதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலரும் அன்று எங்கள் ஊருக்கு வந்திருந்தீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பிறந்த வீட்டுக் கோடி ஏன் போடவில்லை? கூடப் பிறந்தவர்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தும் ஒரு புதுச் சேலைக்கா வழியில்லாமல் போய்விட்டது? அன்று நான் பதில் சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. இப்போது எழுதுகிறேன்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை தெரியும் தூரத்தில் உள்ள எங்கள் ஊரில் அக்கா பிறந்தார். அப்பா பருத்தியும் மக்காச்சோளமும் போட்டவர். நாங்கள் மூன்று பேர்: பெரிய அண்ணன், அக்கா, நான். பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்காவைத் தா.பழூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நெல் விளையும் ஊர். மாமா டிராக்டர் ஓட்டினார், கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து நடவும் செய்தார். அங்கே இருந்த வருடங்களைப் பற்றி அக்கா கடைசிவரை ஒரு குறையும் சொன்னதில்லை. மகள் மலர்க்கொடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடத்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா மகளை அழைத்துக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பினார்.

அப்பா அப்போது நல்ல நிலையில் இருந்தார். எங்கள் நிலத்தின் நடுவில், கிணறு உள்ள ஒன்றரை ஏக்கரை அக்கா பெயருக்கு எழுதிவைத்தார். சுற்றியுள்ளது அண்ணனுக்கு. எனக்கு ஊருக்குள் வீட்டுமனை. அக்கா நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை அண்ணன் பங்கின் வழியாகத்தான் போகும். எங்கள் மூவரையும் நிற்கவைத்து அப்பா சொன்னார்: “பாதை பொது. அதுல யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது.” அண்ணன்தான் முதலில் “சரிங்கப்பா” என்றார். பத்திரத்தில் அதை எழுதவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நன்செயில் பழகிய அக்கா புன்செயைக் கற்றுக்கொள்ள இரண்டு பருவம் ஆயிற்று. அதன் பிறகு அந்த ஒன்றரை ஏக்கர்தான் மலர்க்கொடியைச் செவிலியர் படிப்பு வரை கொண்டுபோனது.

சில ஆண்டுகள் கழித்து, அப்பா காலமான பிறகு, சூரிய மின்சாரம் எடுக்கும் ஒரு கம்பெனி எங்கள் பக்கம் நிலம் தேடி வந்தது. அவர்களை அழைத்து வந்தவர் பெரிய அண்ணன். கோயில் வாசலில் கூட்டம் போட்டு மைக்கில் பேசினார்.

“எண்ணெயும் நெலக்கரியும் வெளிநாட்டுல வாங்கிக் காச அள்ளிக் குடுக்குறோம். நம்ம ஊரு வெயிலு சும்மா போவுது. நம்ம கரண்ட நாமளே எடுத்தாத்தான் நாடு நிமிரும். நெலம் குடுக்குறவங்க நாட்டுக்குக் குடுக்குறீங்க, கம்பெனிக்கு இல்ல!”

அவர் பேசியதில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான் அரியலூர் அருகே ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் வேலை செய்கிறேன். கப்பலில் வந்து இறங்கிய நிலக்கரி லாரி லாரியாக என் முன்னால்தான் எடைக்கு நிற்கிறது. இந்த நாடு எவ்வளவு எரிபொருளை வெளியிலிருந்து வாங்கி எரிக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நம் மண்ணில் விழும் வெயிலில் மின்சாரம் எடுத்தால் அந்தப் பணம் நம்மிடமே நிற்கும். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். அன்று கூட்டத்தில் முதலில் கை தட்டியவர் அக்காதான்.

அண்ணன் தன் நிலம் முழுவதையும் நீண்ட குத்தகைக்குக் கொடுத்தார். அக்கம்பக்கத்தாரும் கொடுத்தார்கள். அக்கா கொடுக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து கேட்டார்.

“ஒன்னோடது நடுவுல கெடக்குது. அதையும் சேத்துக் குடுத்தாத்தான் எனக்கு மதிப்பு.”

“ஒனக்கு மதிப்பு, எனக்குச் சோறுண்ணே. கெணறு இருக்குற நெலத்த நான் குடுக்க மாட்டேன். சுத்தி நீங்க கரண்டு எடுங்க. நான் சோளம் எடுத்துக்குறேன்.”

“நீ எப்படி எடுக்குறேன்னு பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரும்பு வலை வேலி வந்தது. வண்டிப்பாதை வேலிக்குள் போயிற்று. அக்கா கம்பெனியின் இளம் இன்ஜினியரிடம் போய்க் கேட்டார். அவர் திகைத்துப்போனார். “பாதையே கெடையாது, அவங்க ஓடை வழியாத்தான் போவாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரும்மா” என்றார். ஆபீஸ்களில் மனு கொடுத்தோம். பட்டாவில் பாதை இல்லை என்றார்கள். உண்மைதான், பட்டாவில் இல்லை. அப்பாவின் வாயில்தான் இருந்தது.

அக்கா ஓடைக்குள் இறங்கி ஏறிப் போய் அந்த வருடம் வெள்ளாமை செய்தார். கதிர் ஒடித்துக் களத்தில் குவித்த பிறகு மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர். கதிரடிக்கும் மிஷின் உள்ளே வர வழியில்லை. தார்ப்பாய் போட்டும் நிற்கவில்லை. வேலியின் வாயிற்கதவை ஒரு நாள் திறந்துவிடச் சொல்லி அக்கா அண்ணனிடம் கேட்டார். சாவி கம்பெனியிடம் இருப்பதாக அண்ணன் சொன்னார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. புல் வெட்டுவது, பேனல் கழுவுவது, காவல் ஆகிய மூன்றுக்கும் அங்கே ஒப்பந்தக்காரர் அவர்தான்.

மழை விட்டபோது கதிரெல்லாம் முளை விட்டிருந்தது. பச்சை முளையோடு ஒரு கதிரை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு அக்கா திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை.

நினைவு மலர்களில் பொதுவாக, மறைந்தவர் யாரையும் மன்னிக்கும் குணமுள்ளவர் என்று எழுதுவார்கள். அக்காவைப் பற்றி நான் அப்படி எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள்.

அடுத்த கோடையில் அந்த இன்ஜினியரே அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய வேப்பமரம் இருந்தது. அதன் ஒரு கிளையை வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு வந்திருந்தார். மோர் கொடுத்து உட்காரவைத்து அக்கா விசாரித்தார்.

“ஒரு கெள நெழலு ஒங்கள என்னா தம்பி பண்ணுது?”

“ஒரு பேனல்ல நெழல் விழுந்தாக்கூட அந்த வரிசையே மந்தமாயிடும்மா. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துதான இருக்கு.”

“ஓ. அப்பிடியா சேதி.”

கிளையை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை பலமுறை நன்றி சொல்லிவிட்டுப் போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா பெரம்பலூர் போனார்.

திரும்பும்போது நானும் உடன் இருந்தேன். இரண்டு பெரிய கூடைகளில் மலைவேம்புக் கன்றுகள். கண்டக்டர் பார்த்துவிட்டு, “என்னாம்மா, காட்டையே ஏத்துறீங்க? பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. செடிக்கு டிக்கெட் உண்டு” என்றார்.

“போடுப்பா. பெரிசானதும் நெழலுக்கு வா.”

“எனக்கா நட்டு வளக்குறீங்க?”

“ஒனக்கு இல்ல. எங்க அண்ணனுக்கு.”

கண்டக்டர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

நிலத்தின் எல்லையை ஒட்டி, தன் பங்குக்குள்ளேயே, நாலு பக்கமும் அக்கா நட்டார். கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். முதல் கோடையில் பக்கத்துத் தெருப் பெண்கள் முறை வைத்து வந்து உதவினார்கள். முன்பு அந்த வழியாக ஆடு ஓட்டிப் போன அவர்களுக்கும் அந்தக் கதவின் மேல் கோபம் இருந்தது. மலைவேம்பு வேகமாக வளரும் மரம். அடுத்த வருடம் கிராம சபையில் மரம் வளர்ப்போரைப் பாராட்டினார்கள். ஊர்ப் பெரியவர் என்ற முறையில் துண்டு போட அழைக்கப்பட்டவர் பெரிய அண்ணன். அதை வாங்கிக்கொண்டு அக்கா அவரிடம், “வளரட்டும்ண்ணே” என்று மட்டும் சொன்னார். அவருக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் விளங்கிற்று. காலையில் மேற்கு வரிசைகளிலும் மாலையில் கிழக்கு வரிசைகளிலும் நிழல் படுத்தது. கம்பெனி அண்ணனைப் பிடித்துக் கேட்டது. பாதை இல்லை என்று சொன்னவர் அவர்தானே. ஒப்பந்தம் போய்விடும் என்ற நிலை வந்தபோது இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். இன்ஜினியர் உள்ளே வந்தார். அண்ணன் தெருவிலேயே நின்றார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“மரத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தரேம்மா. வெட்டிடுங்க.”

“மரத்த வெட்டலாமா தம்பி? ஒங்க ஆபீஸ் செவுத்துலயே மரம் வளப்போம்னு எழுதி வெச்சிருக்கீங்களே.”

“அப்ப என்னதாம்மா வேணும்?”

“பாதை.”

தெருவிலிருந்து அண்ணன் சத்தம் போட்டார். “கரண்டு எடுக்குறது நாட்டுக்குத்தான்டி! நாட்டு வேலையக் கெடுக்குறியே, நீ நல்லா இருப்பியா?”

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். “கரண்டு வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? கை தட்டுனதே நான்தான். நாடு என்னைய ஓடையில எறங்கி நடக்கச் சொல்லல. நீதான் சொன்ன.”

பழைய வண்டிப்பாதை அகலத்துக்கு வழி விடுவது என்று முடிவாயிற்று. அக்கா வருடம் ஒருமுறை மரத்தின் உச்சியைக் கழித்துவிட வேண்டும். வாயிற்கதவை எந்த நேரத்திலும் திறந்துவிடுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. அக்கா சொன்னபடியே ஆடியில் ஆள்விட்டுக் கழித்தார். கழித்தாரே தவிர, ஒரு மரத்தையும் எடுக்கவில்லை. “பாதைதான் வந்துடுச்சேக்கா, இன்னும் எதுக்கு?” என்று நான் கேட்டேன்.

“அவன் மனசு மாறியா குடுத்தான்? பயந்து குடுத்தான். மரம் போச்சுன்னா பயம் போயிடும். பயம் போனா பாதையும் போயிடும்டா.”

காவலருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று கதவைத் திறக்க அண்ணனே சாவியோடு வர வேண்டும். எங்கள் அக்காவுக்கு வயலில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். மொபெட்டில் போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அண்ணன் வீட்டிலிருந்து நடந்து வந்து திறப்பார். அக்கா நன்றி சொல்ல மாட்டார், முகத்தையும் பார்க்க மாட்டார். உள்ளே போய்விட்டு, எதையோ மறந்ததுபோல் திரும்பி வந்து மறுபடியும் ஹாரன் அடித்த நாட்களும் உண்டு. அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கும்போது அக்காவின் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெந்த நாளிலும் பார்த்ததில்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. மலர்க்கொடி வேலை செய்யும் ஊரான திருச்சியில் வைத்தியம். கடைசி வாரத்தில் என்னை அழைத்து இரண்டு விஷயங்கள் சொன்னார்.

“பொறந்த வூட்டுக் கோடி எம்மேல படக்கூடாது. அவன் கொண்டாந்தாலும் சரி, நீ கொண்டாந்தாலும் சரி. ஒங்க மாமா கடைசியா எடுத்துக் குடுத்த பச்சச் சேல பொட்டியில இருக்கு. அது போதும்.”

“சரிக்கா.”

“என்னைய நெலத்துல அந்த மலைவேம்புக்குக் கீழ பொதச்சிடுங்க.”

“ஊர்ல சுடுகாடு இருக்கேக்கா.”

“இருக்கட்டும். நாளைக்கு நெலம் யார் கைக்குப் போனாலும், சமாதிக்கு வெளக்கு வெக்க வர்ற சனத்துக்குப் பாதை இல்லன்னு எவனும் சொல்ல முடியாதுடா.”

அக்காவைக் கொண்டுபோனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதையை அடைத்த நாளிலிருந்து அக்கா அண்ணனை வீட்டுக்குள் விட்டதில்லை; அன்றும் அவர் வீட்டுக்கு வரவில்லை. கொட்டுச் சத்தத்தோடு நாம் எல்லோரும் வாயிற்கதவை அடைந்தபோது, ஒரு கையில் சாவியும் மறு கையில் பட்டுக் கோடியுமாக அவர் நின்றிருந்ததைப் பின்னால் வந்தவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கதவைத் திறந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“டேய், இத மட்டும் போட வுடுடா. ஒரே தங்கச்சிடா.”

“வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காண்ணே.”

“செத்தவளுக்கு என்னாடா கோவம்?”

“எனக்கு இருக்குண்ணே” என்றேன். கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். மலர்க்கொடி போர்த்திய பச்சைச் சேலையோடு அக்கா தன் பாதையில் போனார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அக்காவைக் கைவிடாமல் பார்த்த திருச்சி மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், குடம் சுமந்த பெண்களுக்கும், கன்றுகளை ஏற்றிக்கொண்ட கண்டக்டருக்கும், மாற்றலாகிப் போன பிறகும் அன்று மாலையோடு வந்த இன்ஜினியர் தம்பிக்கும், எங்களோடு நடந்து வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் மலர்க்கொடியும் நானும் நன்றி சொல்கிறோம்.

அக்கா போனதும் மரங்களை எடுத்துவிட்டு நிலத்தைக் கொடுத்துவிடுவோமா என்று அண்ணன் இரண்டு பேரை அனுப்பிக் கேட்டார். மலர்க்கொடி கொடுக்க மாட்டாள். மின்சாரம் நன்றாக ஓடட்டும். ஆடிதோறும் உச்சியைக் கழித்துவிடுவோம். மரங்கள் நிற்கும்.

ஆண்டு நினைவுப் படையலும் மதிய உணவும் அக்கா நிலத்தில், மலைவேம்பு நிழலில் நடைபெறும். அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும். இனி வருடந்தோறும் அங்கேதான். வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இந்த மலரின் முதல் பிரதியைப் பெரிய அண்ணன் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று அவர் கதவைத் திறந்ததற்கும், இனித் திறக்கப்போவதற்கும் எங்கள் நன்றி.