இனாயத் பாய் கொடுத்த ஜப்பான் புத்தகம்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த இனாயத் பாய்க்கு ஒரு பழக்கம். கேட்ட புத்தகத்தைக் கொடுத்தனுப்ப மனசு வராது. "அதே மாதிரி இன்னொண்ணு கீது, எட்துனு போ" என்று வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார். எந்த விதத்தில் அதே மாதிரி என்பது அவருக்கே வெளிச்சம். ராஜா ராணி நாவல் கேட்டு வந்த ஒரு தமிழாசிரியைக்கு, அட்டையில் குதிரை இருக்கிறதே என்று ரேஸ் புத்தகத்தைக் கொடுத்ததில், அந்த அம்மாள் வீட்டில் பெரிய கலவரமே நடந்தது. பாய் காலையில் உருது பேப்பர் பார்ப்பதோடு சரி. கடையிலிருந்த புத்தகங்களை அட்டையோடு நிறுத்திக்கொள்வார்.

தொண்ணூற்றாறாம் வருஷம், அடையாறில் வீட்டைக் காலி செய்த ஒரு ஜப்பான்காரரின் பழைய பேப்பர்களோடு தடியான படக்கதைப் புத்தகம் ஒன்று கடைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள், பூச்சி பூச்சியாக எழுத்துகள். பாய் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைப் பற்றிப் புகழ்ந்து பார்த்தார். ஒருவரும் மசியவில்லை.

மசிந்தவர் பஞ்சாட்சரம். வடபழனியில் சினிமாவுக்கு உதவி எடிட்டர். அந்தக் கோடையில்தான் அவர் மனைவி வைதேகி காலமாகியிருந்தாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் எங்கெங்கேயோ நின்றுவிட்டு, கடைசியில் பாய் கடைக்கு வருவார்.

"படிக்க உக்காந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது பாய்."

"எழுத்தே வாணாம் நைனா. இதைப் பாரு, படம் மட்டும் பாரு."

அடுத்த வாரம் பஞ்சாட்சரம் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தார். "ஒருத்தன் காலி தியேட்டர்ல தனியா உக்காந்து அழறான். திரையில அவன் சம்சாரம். அப்புறம் அவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. மெல்ல எழுந்து உக்கார்றா, வீட்டுக்கு வர்றா. இவன் எந்நேரமும் கேமராவும் கையுமா அவளைப் படம் புடிச்சிட்டே இருக்கான். எது நெஜம், எது அவன் எடுத்த படம்னு புரியவே இல்ல. கடைசியில ரெண்டு பேரும் ரயில் ஸ்டேஷன்ல நிக்கறாங்க. இன்னும் பேசிக்கக்கூட ஆரம்பிக்கல." புத்தகத்தை நீட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க பாய்" என்றார்.

பாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் தானாக வந்து அப்படிக் கேட்ட முதல் ஆள்! தேடித் தேடிக் கொடுத்தார். செத்தவள் எழுந்து வருகிறாளே என்று ஒரு பேய்க்கதை. கேமராவுக்காகப் போட்டோ பிடிக்கக் கற்றுத்தரும் புத்தகம். ஸ்டேஷனுக்காக ரயில்வே கால அட்டவணை. பஞ்சாட்சரம் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஜப்பான் புத்தகத்தையே எடுத்துப் போனார்.

புத்தகம் கடையில் இருந்த ஒரு சாயங்காலம், மயிலாப்பூர் நீரஜா வாரப் பத்திரிகை மாற்ற வந்தாள். கம்ப்யூட்டர் வேலைக்கு உதவுமென்று ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த பெண். பாய் அவளிடம் புத்தகத்தை நீட்டி, இதே மாதிரி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"இது மாங்கா, பாய்."

"யாரு, நானா?"

"ஐயோ, நீங்க இல்லை! இந்த மாதிரிப் படக்கதைக்கு அவா பாஷையில அதான் பேரு. ஆனா நீங்க பின்னாலேர்ந்து பார்த்துண்டிருக்கேளே? இதை வலது பக்கத்துலேர்ந்துன்னா படிக்கணும்!"

தினமும் உருது பேப்பரை வலப்பக்கத்திலிருந்து படிக்கிற மனுஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார். நீரஜா திருப்பிப் புரட்டினாள். ஸ்டேஷன், கல்யாணம், நோவு, ஆஸ்பத்திரி, காலி தியேட்டர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு இதையா கொடுத்தோம் என்று பாய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். அந்த நேரம் பார்த்துப் பஞ்சாட்சரம் படியேறி வந்தார். பாய் சட்டென்று புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் புக்கு... எலி கட்ச்சிட்ச்சி நைனா."

"முழுசாவா?"

"பெரிய எலி."

லுங்கிக்கு அடியில் புத்தகத்தின் மூலை எட்டிப் பார்த்தது. பஞ்சாட்சரம் அதையும் நீரஜாவையும் பார்த்தார். "வலப்பக்கத்துலருந்து படிக்கணும். அதானே?" என்றார். "எனக்கு மொத நாளே தெரியும் பாய். கண்ணீர் கன்னத்துலருந்து ஏறிக் கண்ணுக்குள்ள போவுது. தெனமும் ரீலை முன்னயும் பின்னயும் ஓட்டறவனுக்கு இதுகூடவா தெரியாது?"

"அப்பறம் ஏன் சார் அப்படியே படிச்சேள்?" என்றாள் நீரஜா.

ஷூட்டிங்கில் மிஞ்சிய பிலிமில் வைதேகியைப் பனகல் பார்க்கில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாராம். "நேரா ஓட்டினா சிரிச்சிட்டு நடந்து போயிடறா. திருப்பி ஓட்டினா எங்கிட்ட வர்றா. அவ போனதுலருந்து நேரா ஓட்டினதே இல்லம்மா."

பாய் எழுந்து புத்தகத்தை எடுத்து நீரஜாவிடம் கொடுத்தார். "நீ சரியா படிம்மா. சாரு கேக்கட்டும்."

அவள் தட்டுத்தடுமாறிப் படித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் புருஷனிடம் சொல்கிறாள்: "நான் கோபப்படறதையும் படம் எடு. இல்லேன்னா பின்னாடி பார்க்கறச்சே வேற யாரோன்னு நினைச்சுடுவே."

பஞ்சாட்சரம் வாய்விட்டுச் சிரித்தார். "கோவமா? ரசத்துல உப்பு கம்மின்னு சொன்னா வைதேகி மூணு நாள் எங்கூடப் பேச மாட்டா!" சிரிப்பு நின்ற இடத்தில் அழுகை வந்தது. அவரைவிடச் சத்தமாக அழுதது பாய்தான். பத்திரிகை வாங்க வந்த இருவர், துக்க வீடு என்று நினைத்துத் தெருவிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாட்சரம் பாயை எடிட்டிங் அறைக்கு அழைத்துப் போனார். ரீலை நேராக ஓட்டினார். வைதேகி சிரித்தாள், திரும்பினாள், மரத்தடி வரை நடந்தாள். அங்கே திரும்பி நின்று, கையை ஆட்டி என்னவோ படபடவென்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் சத்தம் கிடையாது.

"திட்றாங்களா நைனா?"

"ஆமா பாய். 'வெயில்ல நிக்க வெச்சே கொல்றீங்களே'ன்றா. திருப்பி ஓட்டினதுல வாயசைவே புரியல, இதை நான் மறந்தே போயிட்டேன்."

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் பாய். பஞ்சாட்சரம் ஓட்டினார், நேராகவே. பிறகு இருவரும் வெளியே வந்து டீ குடித்தார்கள். அன்றைக்குப் பஞ்சாட்சரம் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனார்.