பெருங்களத்தூர் கூட்டத்தில் நான் நின்ற இடம்

2006-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின நாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். விழுப்புரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, சென்னை எல்லையில் உள்ள பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பண்டிகை நேரத்தில் அங்கே பஸ் பிடித்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. மூட்டு வலிக்காக எட்டு மாதமாகத் தாய்ச்சி கற்றுக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒரு பாய், காலையில் கடை திறப்பதற்கு முன்பு மொட்டை மாடியில் எங்கள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பார். சீனத்துத் தற்காப்புக் கலை என்று பெயர்தான். தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகக் கையையும் காலையும் அசைப்போம். "திருடன் வந்தா, அவனையும் மெதுவா வரச் சொல்லணும்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அந்த ரோஷத்திலேயே ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மழையிலும் ஸ்கூட்டரில் போய்விடுவேன்.

ஒரு பஸ் வேகம் குறைந்ததும் மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஓடிய பெண் புடவை தடுக்கி விழுந்தாள். பின்னால் வருகிறவர்களுக்கு அவள் விழுந்ததே தெரியவில்லை. நான் திரும்பி நின்று இரண்டு கையாலும் அவர்களைத் தள்ளினேன். அடுத்த நொடியே என் செருப்பு வழுக்கியது. அவள் மேலேயே விழப் போனேன்.

பாய் தினமும் எங்கள் தோளை அழுத்திச் சொல்வது ஞாபகம் வந்தது: "எதிர்த்துத் தள்ளாதீங்கம்மா. முட்டியத் தளத்தி, பாரத்தப் பாதத்துக்கு எறக்குங்க."

செருப்பை உதறினேன். ஒரு காலை முன்னே வைத்து, முட்டியை மடக்கி, மூச்சை விட்டேன். இடித்தவர்களைத் தடுக்காமல் இடுப்பைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் நழுவ விட்டேன். விலா வலித்தது. ஆனால் கால் நகரவில்லை. நகரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யம்மா, நவுரு! பஸ்ஸு பூடும்!" என்று ஒருவர் கத்தினார்.

"கீழ குழந்தை இருக்கு! சுத்திப் போங்க!"

அவர் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், அவரே கையை விரித்து எனக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அந்தப் பெண் எழுந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பஸ் போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பண்டிகை முடிந்து பாயிடம் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா நின்னீங்க. ஆனா மொதல்லயே கத்தியிருக்கணும்மா. அதுவும் தற்காப்புதான்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மைதானே!

யார் இடித்தாலும் "ஸாரி" சொல்லி ஒதுங்கியே பழகியவள் நான்; ஒதுங்கக் கூடாத இடம் என்று ஒன்று வந்தால் இந்த உடம்பு நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அந்தத் தைரியத்தில்தான் இன்றும் வெளியே கிளம்புகிறேன்.