டிஸ்டிங்குவிஷ்ட் புஷ்பவள்ளி

இந்த வருடக் கேடயம் புஷ்பவள்ளிக்கு என்று சங்கத் தலைவர் திருநாவுக்கரசு கூட்டத்தில் அறிவித்தபோது முதலில் கைதட்டியவள் நான்தான். வயிறு எரிவதை மறைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புஷ்பவள்ளிக்கு என் வயதுதான், நாற்பத்தெட்டு. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் பதிவிலாகாவுக்குப் போய்விடுவாள். பிறப்புப் பத்திரமோ ஐசி என்கிற அடையாள அட்டையோ இல்லாமல் தவிக்கிற நம் ஆட்களில் யாராவது ஒருவர் அவளோடு இருப்பார். எண் சீட்டு எடுத்து, காத்திருந்து, முகப்புக் கவுண்டரில் பேசி, அடுத்த மாதம் வரச் சொன்னால் அடுத்த மாதமும் கூடவே போவாள். பதினேழு வருடமாக இதே கதைதான்.

சரி, அந்த விண்ணப்பப் பாரங்களை நிரப்பியது யார்? நான். டத்தோ கிராமாட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வக்கீல் ஆபீசில் கற்றுக்கொண்ட மலாயையும் ஆங்கிலத்தையும் வைத்துக் கடிதம் கடிதமாக எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு நாள்கூட வரிசையில் போய் நின்றதில்லை என்பது உண்மைதான். எனக்குக் காத்திருக்க வராது. அதற்காக? என் எழுத்து இல்லாவிட்டால் அங்கே போய் எதை நீட்டியிருப்பாளாம்?

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அழைப்பிதழைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"தனு, இது என்னாடி வார்த்த? டிஸ்டிங்குவிஷ்ட் மெம்பராம். கேடயத்த வாங்கிட்டு ரெண்டு வரி இங்கிலீஷ்ல பேசணுமாம், இந்த வார்த்தையும் அதுல வரணுமாம். நம்ம தொகுதி ஒய்பி வர்றாருலா."

"பேர் பெற்றவங்க. கூட்டத்துல தனியா தெரியிறவங்க," என்றேன்.

"நானா? பஸ்ஸுல ஒருத்தனும் எந்திரிச்சு எடம்கூடக் குடுக்க மாட்டான்லா!" என்று சிரித்தாள்.

நம் ஊர் விழாக்களில் அந்தச் சொல் படும் பாடு அவளுக்கும் தெரியும். டான்ஸ்ரீ, டத்தோ, ஒய்பி என்று வரிசை பிசகாமல் பெயர் சொல்லி வரவேற்பார்கள். ஒரு டத்தோவை முன்பின் மாற்றிச் சொல்லிவிட்டால் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பட்டம் இல்லாத மிச்சப் பேரை மொத்தமாக அள்ளி ‘டிஸ்டிங்குவிஷ்ட் கெஸ்ட்ஸ்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த மொத்தத்தில்தான் அவளும் நானும் இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது அவள் மட்டும் எழுந்து பெயரோடு மேடைக்குப் போகப்போகிறாள்.

"ஒன்னு சொல்றேன், கேட்டுக்க," என்றேன். "இத நம்மளப் பத்தி நாமளே சொல்லிக்கக் கூடாது. சிரிப்பாங்க. அடுத்தவங்களப் பத்தித்தான் சொல்லணும்."

"அப்ப யாரடி சொல்றது?"

"உன்கூட பாடுபட்டவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்துபோனேன்.

நான் சொன்ன முறை சரியானதுதான். ஆனால் நான் அவளுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கவா சொன்னேன்? கேடயம்தான் கிடைக்கவில்லை, சபையில் அந்த ஒரு சொல்லாவது என் பெயரோடு ஒட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் விருந்து. காலையிலேயே சலூனுக்குப் போய் முடியைச் சரிசெய்துகொண்டு, மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்தேன். புஷ்பவள்ளி எல்லா விசேஷத்துக்கும் போடுகிற அதே அரக்குப் பஞ்சாபி உடையில் மேடையேறினாள். கேடயத்தை இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"டுடே இன் திஸ் ஹால் காட் ஒன் டிஸ்டிங்குவிஷ்ட் லேடி. நாட் மீ."

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மெனி இயர்ஸ் ஷி டோன்ட் கிவ் அப்."

வேறு யார்? நானேதான். கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பாதி எழுந்தேன்.

"லோகேஸ்வரி, ப்ளீஸ் ஸ்டேண்ட் அப்."

லோகேஸ்வரி பட்டர்வொர்த்தில் நாசி லெமாக் சோறு விற்பவள். வீட்டில் பிறந்து, பதியாமலே விடப்பட்டவள். பத்திரம் போதவில்லை என்று எத்தனை முறை விண்ணப்பம் திரும்பி வந்தாலும், மறுபடியும் ஃபெரி ஏறி வந்து நிற்பாள். பதினொரு வருடம் அலைந்து போன மாதம்தான் குடியுரிமைக்கான நீல ஐசி வாங்கினாள். கடைசி மேசையில் அவள் கூச்சத்தோடு எழுந்து நிற்க, மண்டபமே கைதட்டியது. ஒய்பியும் எழுந்து தட்டினார். பாதி எழுந்த நான் உட்காரவும் முடியாமல், தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல் சுவரோரமாக நடந்தேன். அவளுடைய பாரத்தையும் நான்தானே நிரப்பினேன்!

சாப்பாட்டு வரிசையில் புஷ்பவள்ளியைப் பிடித்துக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டேன்.

"பதினேழு வருசம் எழுதிக் குடுத்தேன். என் பேரு மட்டும் உனக்கு ஞாபகத்துக்கு வரலியாடி?"

அவளுக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"உன்னச் சொன்னா என்னையே சொல்லிக்கிட்ட மாதிரிதானே, தனு? நீ எழுதுன, நான் தூக்கிட்டுப் போனேன். ரெண்டும் ஒரே வேலதானே? நம்மள நாமளே சொல்லிக்கக் கூடாதுன்னு நீதானலா சொன்ன!" என்றவள் கேடயத்தை என் கையில் திணித்தாள். "இத புடி. கோழி தீந்துடப் போவுது. உனக்கும் சேத்துப் போட்டுட்டு வர்றேன்."

கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் அவள் பெயர் மட்டும்தான் பொறித்திருந்தது. அதைப் பார்த்து இப்போது எரிச்சல் வரவில்லை. என்னையும் தன்னையும் ஒன்றாகவே நினைத்து இத்தனை வருடமும் இருந்திருக்கிறாள். எனக்கு ஒரு நாள்கூட அப்படித் தோன்றியதில்லை. கேடயத்துக்காகப் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவளுடைய அந்த மனசைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.