காக்கை துரத்திய வேட்பாளர்

என் வீட்டுக்காரர் வார்டுத் தேர்தலில் நின்றபோது அவரை எதிர்த்து ஐந்து பேர் நின்றார்கள். ஐவரும் நாகரிகமானவர்கள். அவரைத் தலையில் அடித்தது காக்கை மட்டும்தான்.

அப்போது காரைக்குடி இன்னும் மாநகராட்சி ஆகவில்லை. அவருக்குச் செக்காலை ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை. நான் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். ஒரே மகள், கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையானால் அவர் கடையைப் பூட்டிவிட்டு, சிவகங்கைக்கு பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு வருவார். எல்லா மனுவும் தெருவிளக்கைப் பற்றித்தான். பல்பு விற்கிறவருக்கு ஊர்க் குறை வேறென்ன தெரியும்?

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "மனுக் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு. இனிமே வாங்கலாம்னு இருக்கேன்" என்றார். மோர் கேட்கிறார் என்று நினைத்து ஊற்றினேன். தேர்தலில் நிற்கப் போகிறாராம். சுயேச்சையாக.

சின்னம் கேட்டபோது மின்விசிறி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிடைத்தது சீப்பு. அவருக்கு முன்மண்டையில் முடி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. நோட்டீஸில் அவர் போட்டோவையும் அதன் கீழே சீப்பையும் பார்த்த மகள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் சிரித்து முடித்து வர வெகுநேரம் ஆயிற்று.

ஓட்டுக் கேட்கக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் அது நடந்தது. எங்கள் வாசல் வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு மதில் மேல் பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இவருக்கு மனசு கேட்கவில்லை. என் வெட்டுத்துணிக் கூடையைக் கவிழ்த்துக் காலிசெய்து, குஞ்சை அதில் வைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, தாழ்ந்த கிளையில் கட்டிவிட்டார். தாயும் தகப்பனும் எதிர்க் கம்பியில் உட்கார்ந்து கத்தின. "நன்றி சொல்லுது பாரு" என்றார் இவர்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டு, கும்பிட்ட கையோடு தெருவில் இறங்கினார். பத்தடி போயிருக்க மாட்டார். பின்னாலிருந்து தலையில் 'தட்' என்று ஒரு அடி. திரும்பினால் இன்னொன்று. இவர் ஓட, காக்கை விரட்ட, பின்னால் நோட்டீஸ் கட்டோடு வந்த நண்பர்கள் நால்வரும் நாலு வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள்.

மதியத்துக்குள் விஷயம் என் நாத்தனாருக்குப் போய்விட்டது. இவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருப்பவர். வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "அது காக்கா இல்லடா. நம்ம அப்பாதான்."

என் மாமனார் அதற்கு முந்தின வருஷம் காலமாகியிருந்தார். வாழ்நாள் முழுக்க ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர், வெளியே போனால் கரைவேட்டிதான்.

"உசுரோட இருந்திருந்தா நீ சுயேச்சையா நிக்க விட்டிருப்பாகளா? அதான் வந்து கொட்டுறாக."

"அப்பா என்னையக் கொட்டினதே இல்லையேக்கா."

"அதான் இப்பக் கொட்டுறாக" என்றார் நாத்தனார். சனிக்கிழமை எள்ளுச் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. காக்கை மனிதர்களின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்க குஞ்சைத் தூக்கிட்டுப் போறீகன்னு அது நெனைச்சிருக்கும்ப்பா. தாத்தாவா, முகமான்னு சோதிச்சுப் பாத்துருவோம்."

முதல் சோதனையில் அவரை நீலச் சட்டை போட்டு அனுப்பினாள். அடி விழுந்தது. அடுத்து அவருடைய வெள்ளைச் சட்டையை என் சேலைக்கு மேல் மாட்டி, கையில் நோட்டீஸ் கட்டும் கொடுத்து என்னை அனுப்பினாள். காக்கை என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு அம்மா, "ஏத்தா, நீயா நிக்கிறே? முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமே" என்றார். அதை இவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாவது சோதனைக்கு முகமூடி வேண்டியிருந்தது. செக்காலை ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் புலி முகமூடி ஒன்றுதான் கிடைத்தது. புலி தெருவில் இறங்கியது. காக்கை கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, வரவில்லை. "முகம்தான்! தாத்தா இல்ல!" என்று மகள் வாசலில் நின்று குதித்தாள். இவருக்கும் சந்தோஷம், அப்படியே ஓட்டுக் கேட்கப் போய்விட்டார். மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த பெண் அலறிக் கதவைச் சாத்தினாள். நான்காவது வீட்டுப் பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "மூஞ்சியைக் காட்டாத ஆளுக்கு எப்படித் தம்பி ஓட்டுப் போடுறது?"

நியாயமான கேள்வி. இவர் முகமூடியைக் கழற்றினார். காக்கை வந்துவிட்டது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று பெரியவர் கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினார். காக்கை மதிலைவிட்டுப் போகிற மாதிரி தெரியவில்லை. அதுவரை ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம்தான் இவர் கணக்கு. கும்பிடு, நோட்டீஸ், "சீப்பு சின்னம்", அடுத்த வீடு. அன்றைக்கு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. பெரியவரின் மருமகள் காபி கொடுத்துவிட்டு, தண்ணீர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலை, ஒருநாள் பகல் பதினொரு மணி. ஜவுளிக் கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், தண்ணீர் பிடிக்க ஆளில்லாமல் வேலையையே விட்டுவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்தவர் என்னிடம் கேட்டார்: "நம்ம வீட்டுலயும் இப்படித்தானா?"

எனக்கு வந்ததே கோபம். "இருபது வருஷமா குடத்தை வச்சுக்கிட்டுக் குழாயடியில நிக்கிறேன். நீங்க தெருவிளக்கையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தீக!"

நான் அளவு எழுத வாங்கி வைத்திருந்த புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் மறுநாள் கிளம்பினார். முகமூடி இல்லை. காக்கையின் எல்லை எங்கள் தெருவும் அடுத்த தெருவும்தான் என்று மகள் படம் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்த இரண்டு தெருவிலும் அவர் வேண்டுமென்றே நடந்தார். காக்கை எந்த வாசலில் விரட்டுகிறதோ அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். வேடிக்கை பார்க்கவே ஜனங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "எங்க வீட்டுக்கு நேத்தே வருவீகன்னு பாத்தோம்" என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வருகிறது, எந்த வீட்டில் யார் அதற்காக வேலையை விட்டார்கள், எல்லாம் நோட்டில் ஏறியது.

இதற்கிடையில் ஒரு கட்சியின் பெண் வேட்பாளர் என்னிடம் வந்து பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்தார். எட்டு வருஷமாக என்னிடம் தைக்கிறவர். "எப்ப வேணும்?" என்றேன். கொஞ்சம் தயங்கி, "பதவியேற்புக்கு" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது உள்ளே தலைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அளவெடுத்தேன். வேறென்ன செய்வது? தொழில் தொழில்தான்.

இவர் மூன்றாவதாக வந்தார். ஓட்டு எண்ணி முடித்த அன்று மாலை நாத்தனார் வந்து, அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, தானும் அவருக்குப் போடவில்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்பாவுக்கு யாருடா பதில் சொல்றது?" இவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

ஜெயித்தது ரவிக்கைக்காரர்தான். நான் கொக்கி வைத்து முடித்துப் பையில் மடித்து வைத்திருந்தேன். அதை வாங்க அவர் வந்தபோது, என் வீட்டுக்காரர் அறையிலிருந்து வந்து, நோட்டை எடுத்து ரவிக்கைக்கு மேல் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"தண்ணி விசயம். தெருத்தெருவா எழுதியிருக்கேன். நீங்களே பாருங்க."

அவர் நின்றபடியே நாலு பக்கம் படித்தார். பிறகு தையல் மிஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தையும் படித்தார். "எங்க ஆளுக யாரும் இப்படி எழுதலண்ணே" என்றார்.

"அவுகளைக் காக்கா விரட்டலைல்ல, வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றார் இவர். கேலியாகச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. மூன்று மாதம் பிடித்தது. வால்வு திறக்கிறவரிடம் பேசி, தெருவுக்கு ஒரு நேரம் என்று வைத்து, மாறினால் முதல் நாளே போனில் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தார் அந்த அம்மா. எங்கள் தெருவுக்குக் காலை ஆறரை. வாரத்தில் ஐந்து நாள் சொன்னபடி வருகிறது. மிச்ச இரண்டு நாளுக்கு இவர் நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுகிறார், அங்கே காபியும் குடித்துவிட்டு வருகிறார். ஆறரைக்குக் குடத்தை அவரே வைக்கிறார். நான் ஏழு மணிக்கெல்லாம் மிஷினில் உட்கார்ந்துவிடுகிறேன். பெரியவரின் மருமகள் திரும்ப வேலைக்குப் போகிறாள், போகிற வழியில் என்னிடம் இரண்டு ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டுப் போனாள். அவசரமில்லை என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.