தொண்ணூற்றொன்பது வருடப் பூட்டு

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் ஸ்கேனர்காரர். பழைய ஆய்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பது அவர் வேலை. எதிர் மேசை அக்காவுடையது. அந்தப் படங்களுக்குத் தலைப்பும் பெயரும் வருடமும் எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கும்படி இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது அவள் வேலை. அவரைவிட நான்கு வயது இளையவள்தான். கட்டடமே அக்கா என்று கூப்பிட்டதால் அவருக்கும் அக்காவாகிப் போனாள்.

வேலையில் எமகாதகி. "அண்ணே, நூத்தி நாற்பதாம் பக்கத்துல உங்க கட்டைவிரலும் ஆய்வுல சேர்ந்திருக்கு. அதுக்கும் டாக்டர் பட்டம் கொடுக்கச் சொல்லவா?" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி எடுப்பார்.

ஒரு நாள் காலை, எங்கோ ஒரு சிறு ஊரின் மருத்துவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்கா வாய்விட்டுப் படித்தாள். "கிணற்று நீரின் உப்பு பற்றிய ஆய்வேடு எனக்குத் தேவை. 2108ஆம் ஆண்டு திறக்கப்படும் என்று வருகிறது. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அதுவரை இருந்து பார்க்கிறேன். என் சிறுநீரக நோயாளிகளால் முடியாது."

ஸ்கேனர்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்ப் பழைய பட்டியலைத் திறந்தாள்.

ஆய்வேட்டோடு வரும் படிவத்தில் 'எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும்?' என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். அட்டைப் பட்டியல் காலத்தில், தெரியாத விவரத்துக்கு அந்த நூலகத்தில் 99 என்று போடுவது பழக்கம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியே போட்டிருந்தாள். கணினிக்கு அந்தப் பழக்கம் எங்கே தெரியும்? தொண்ணூற்றொன்பது வருடம் என்று எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள்.

நூலக இயக்குநர் இறங்கி வந்தார். பழைய சர்வரை மூன்று மாதத்தில் நிறுத்தப் போகிறார்கள். எழுதியவரோ அவர் வாரிசோ கையெழுத்திடாமல் மூடிக் கிடக்கும் எதுவும் புதியதற்குப் போகாது, அழிந்துவிடும்.

"எல்லாத்தையும் பூஜ்யமா மாத்தும்மா. ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

"நிரப்பாம விட்டவங்க சரின்னு சொல்லல சார். ஒண்ணுமே சொல்லல. கேட்டுட்டுத் திறக்கிறேன்."

"நானூத்திப் பன்னிரண்டு பேரையா?"

"ஒவ்வொருத்தரா."

தொடங்கினாள். எண் மாறியவர்கள், ஊர் மாறியவர்கள், அப்படியொன்று எழுதியதையே மறந்தவர்கள். ஒருவர் எடுத்த எடுப்பில், "எந்த வங்கி? எனக்கு லோன் வேண்டாம்" என்று வைத்துவிட்டார். குடும்ப உறவுகளைப் பற்றி எழுதிய ஒரு பேராசிரியை அலறினார்: "ஐயையோ, திறந்துடாதீங்க! அதுல பாதி என் மாமியாரைப் பத்தி. அவங்க இன்னும் நல்லா இருக்காங்க." அக்கா போனை வைத்துவிட்டு, "பார்த்தீங்களாண்ணே, கேட்டது நல்லதாப் போச்சு" என்றாள்.

கடைசியில் அந்தக் கிணற்று நீர் ஆய்வேடு மட்டும் நின்றது. எழுதியவர் இறந்திருந்தார். அவர் மனைவிதான் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. இனி திறந்தா என்ன, மூடினா என்ன? தினம் சாயங்காலம் எத்தனை பேர் இறக்கியிருக்காங்கன்னு பார்ப்பார். பூஜ்யம். யாருக்கும் வேண்டாத வேலையைச் செஞ்சுட்டேன்னு சொல்லிட்டே இருந்தார்."

ஸ்கேனர்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். சொல்லாதே, விட்டுவிடு என்று. அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்னு இல்லம்மா. யாராலயும் படிக்க முடியல. எழுதினவர் பார்த்தா திறந்துதான் தெரியும், வெளியாளுங்களுக்குப் பூட்டியிருக்கும். பூட்டினது நான். தெரியாமதான் செஞ்சேன். ஆனா நான்தான்."

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

சர்வரை நிறுத்த இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. "இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாரேன்" என்றார் ஸ்கேனர்காரர். "என் தப்புக்கு அவங்களை நச்சரிக்கலாமாண்ணே?" என்று சொல்லிவிட்டாள். ஆனால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் தலை நிமிர்ந்ததை அவர் கவனித்தார்.

பதினோராம் நாள் அந்த அம்மாவே இறங்கி வந்தார். கையெழுத்திட்ட படிவத்தை மேசைமேல் வைத்தார். பையிலிருந்து நான்கு தடித்த நோட்டுகளை எடுத்து அதன் பக்கத்தில் அடுக்கினார். பட்டம் வாங்கிய பிறகும் வருடம் தவறாமல், அதே நாற்பது கிணறுகளை அந்த மனிதர் அளந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"உங்க மேல கோபம் தீரல. தீருமான்னும் தெரியல. ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா, அவர் சொன்னதையே நானும் நம்பியிருப்பேன்." படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, "இனிமே எத்தனை பேர் படிச்சாங்கன்னு மாசாமாசம் எனக்குத் தெரியணும். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

முதலில் இறக்கியவர் அந்த மருத்துவர். முதல் மாதக் கணக்கு ஏழு. அன்றிலிருந்து ஒன்பது வருடம், ஒன்றாம் தேதி காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா அந்த அம்மாவின் எண்ணைச் சுழற்றுவாள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் வீட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். அந்த அம்மா ஒருபோதும் நன்றி சொன்னதில்லை. அக்கா எதிர்பார்த்ததுமில்லை.

சென்ற மாதம் இருபதாம் தேதி அக்கா இறந்துபோனாள். பன்னிரண்டு நாள் கழித்து, முதல் முறையாக மறுமுனையிலிருந்து அழைப்பு வந்தது.

"நேத்தே ஒண்ணாந்தேதி. அக்கா கூப்பிடலையே?"

ஸ்கேனர்காரர் சொன்னார். சொல்லி முடிக்க நேரமானது.

"எத்தனைன்னு பாருங்க" என்றார் அந்த அம்மா.

எதிர் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பழக்கமில்லாத நாற்காலி. தட்டுத் தடுமாறி அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"மொத்தம் மூவாயிரத்து நூத்தி ஆறு."

"போன மாசத்தைவிட நாற்பத்தொண்ணு கூட." பேனா உரசும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். "அடுத்த மாசமும் ஒண்ணாந்தேதி. இனி நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்மா" என்றார் அவர்.