ஏரிக்கரையில் எதிர்ச்சுற்று

போன மாதம் ஒரு காலையில், ஏரிக்கரையில் என்னைப் பார்த்து ஒருவர் விசில் அடித்தார். அறுபத்தைந்தைத் தொடப்போகிற வயதில் இது பெருமைதானே என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அவர் காவலாளி. அடி அண்ணாமலையில் மலைக்கும் கிரிவல வீதிக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊர் ஏரியைச் சுற்றி இப்போது கம்பி வேலி போட்டு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை வைத்து, சிவப்புக் கல் பதித்த நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். நடைபாதையில் வெள்ளை பெயின்டில் அம்புக்குறி.

"மேடம், ஆரோ பாருங்க. ரிவர்ஸ்ல வர்றீங்க."

"தெரியும்பா" என்று சொல்லிவிட்டு அதே பக்கமாகவே ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் அவசரமான நடையாகத் தெரியலாம்.

அப்போதுதான் புதுச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஏரி வண்டல் நனைந்தால் ஒரு வாசனை வரும். சேறும் இல்லை, மீனும் இல்லை, புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பாத்திரத்தை முகர்ந்த மாதிரி இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வாசனையோடுதான் நான் தினமும் ஆபீசுக்குப் போனேன். காலையில் வயல் வேலை முடித்துவிட்டு எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் வண்டல் இருக்கும். டவுனில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நான் அடித்த கடிதங்களை முகர்ந்து பார்த்தால் எங்கள் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று ஹெட் கிளார்க் கேலி செய்வார்.

என்னை ஓட வைத்தவரும் அவர்தான், அதுவும் நல்லெண்ணத்தில் இல்லை. ஊழியர் விளையாட்டுப் போட்டிக்குப் பெண்கள் பெயர் ஒன்றாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள்.

"நீதான் தெனம் பஸ்ஸுக்கு ஓடியாறியேம்மா. உம் பேரப் போட்டுடறேன், கையெழுத்து போடு" என்றார். போட்டேன். எண்ணூறு மீட்டர் என்று இருந்தது. அது எவ்வளவு தூரம் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

கட்டியிருக்கும் புடவையோடு ஓட முடியாதே! டவுனில் தையல்கடை வைத்திருந்த கரீம் பாயிடம் போய், பைஜாமா மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஓடுவதற்கு என்றேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். ஏதோ புத்தி சொல்லப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாரானேன்.

"அப்ப கணுக்கால்ல நாடா வெச்சுத் தரேம்மா. இல்லாட்டி முள்ளு மாட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சாம்பல் நிறப் பைஜாமா ஆறு வருடம் உழைத்தது.

நான் ஓடிய வழியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மதகில் ஆரம்பித்து கரைமேலேயே போனால் கலங்கல் வரும். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போக, கரையைத் தாழ்த்திக் கல் கட்டி விட்டிருப்பார்களே, அதுதான். அங்கே கரை அறுந்துவிடும். கீழே இறங்கி கிரிவல வீதியில் ஒரு கூப்பிடு தூரம் ஓடி, மலையடிவாரக் காட்டில் ஏற வேண்டும். ஆவாரம் புதர், காக்கா முள், ஆட்டுக்காரர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. முயல் குறுக்கே ஓடும். இரண்டு முறை மான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு முறை அது ஆடாகவும் இருந்திருக்கலாம்.

அந்த முதல் வருடம் முழுக்க ஏரி என் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் ஓடினேன். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தை தவழும்போதே வலமாகத்தான் தவழும். கோயில், மலை, அரச மரம், எதைச் சுற்றினாலும் வலம்தான். வேறு பக்கமாகவும் ஒன்றைச் சுற்றலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

மாசியில் போட்டி. அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைநகர் வேலூர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டில் எட்டுப் பேர் நின்றோம். ஏழு பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, நான் மட்டும் அந்த ஏழு பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்கள் ஏன் இப்படித் திரும்பி நிற்கிறார்கள் என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் வேறு.

"யம்மா, கிரிவலமா வந்துக்கிற? அந்தப் பக்கம் திரும்பு!" என்று விசிலோடு நின்றவர் கத்தினார். மைதானமே சிரித்தது. ஓட்டப்பந்தயம் எப்போதும் இடப்பக்கமாகத்தான் வளையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திரும்பி நின்று ஓடினேன், ஆனால் கால் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு வெளியே வெளியே போனது. மற்றவர்கள் எண்ணூறு மீட்டர் ஓட, நான் ஆயிரம் ஓடியிருப்பேன். ஏழாவதாக வந்தேன். எட்டாவது வந்தவருக்குக் காய்ச்சல்.

வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். ஆரணி தாண்டும்போது அழுகை நின்று கோபம் வந்தது. மறுநாள் காலையில் மதகில் நின்று, ஏரியை இடக்கைப் பக்கம் விட்டு ஓட ஆரம்பித்தேன்.

முதல் பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. வீதியில் இறங்கும் அந்தக் கூப்பிடு தூரத்தில்தான் வம்பு வந்தது. கிரிவலம் வருகிறவர்களுக்கு எதிரே நான் ஓடி வருவேன். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு சாமியார் தடியை ஓங்கினார். "பொணத்தத்தான் இடமா சுத்துவாங்க" என்று டீக்கடையில் என் காது படவே பேசினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். மழைக்காலத்தில் பாதை வழுக்கும்போது மட்டும் ஆபீஸ் விட்டதும் டவுன் முனிசிபல் பார்க்கில் ஓடுவேன். அங்கே நடுவில் ரேடியோ மண்டபம் ஒன்று இருக்கும், பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்தி கேட்பார்கள். ரேடியோவை எந்தப் பக்கம் சுற்றினாலும் யாருக்கும் கோபம் வரவில்லை.

அந்த வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. தூறலோடு சரி. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. மார்கழியில் அப்பா நாற்று விட்டிருந்தார். வீதிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் சொச்சம். கிணறு ஒன்று உண்டு, ஊற்று கம்மி; நெல்லுக்கு ஏரிப் பாசனம்தான். தண்ணீர் கம்மியான வருடங்களில் யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்பார்கள். அந்த முறையைப் பார்த்தவர் துரைசாமி மாமா. தை பிறந்த மூன்றாம் நாள் இன்னும் நாலு பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏரி வத்திக்கினு போவுது. ஊரே சொல்லுது. ஒம் பொண்ணு எதிர்ச்சுத்து சுத்தறத நிறுத்தினாத்தான் ஒனக்கு மொற" என்றார் அப்பாவிடம்.

அப்பா துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். நான்தான் உள்ளேயிருந்து வந்தேன்.

"போன வருஷம் வலமாத்தான் ஓடனேன் மாமா. ஏரி ரொம்பிச்சு. அதுக்கு எனக்கு எத்தன மூட்ட நெல்லு குடுத்தீங்க?"

பொட்டச்சிக்கு வாய் ஜாஸ்தி என்று ஒருவர் முனகினார். போய்விட்டார்கள். எங்கள் முறையை நிறுத்தியும் விட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "ஒரு வருஷம் நிறுத்திக்கம்மா. வேற எதுவும் நான் கேக்கல" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு நெல் என்றால் உயிர். நாற்றங்காலில் போய் உட்கார்ந்து கையால் தடவிப் பார்க்கிற மனிதர். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சரி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

அம்மா ரசச் சட்டியைத் தொப்பென்று வைத்தாள். "கெணத்துல ஊறுற தண்ணி நெல்லுக்குத்தான பத்தாது? மல்லாட்டைக்குப் பத்தும். நாளைக்கு ஏர் ஓட்டு" என்றாள். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அவ இன்னா திருடிட்டா ஓடறா? ஓடட்டும்" என்றாள் அம்மா. அவள் அதுவரை நான் ஓடியதை ஆதரித்து ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. பைஜாமாவைக் கொல்லைப்புறம்தான் காயப்போட வேண்டும் என்று சண்டை பிடிப்பவள்.

நாற்று மஞ்சளாகி, வெளுத்து, ஒரு வாரத்தில் மாட்டுக்குப் போனது. அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் தினமும் கரைமேல் ஓடும்போது அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டுமோ என்று கேட்டால், கூடாது என்பேன். ஆனால் வலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாசியில் இரண்டாவதாக வந்தேன். வளைவுகளில் என் உடம்பு தானாக உள்ளே சாய்ந்தது. முதலாவது வந்தவர் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். நானும் என் பைஜாமாவும் பின்னாலேயே போனோம். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை அம்மா அன்றைக்கே கிணற்றடிக்குக் கொண்டுபோய் மல்லாட்டைக்குத் தண்ணீர் மொண்டாள்.

அடுத்த ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டது. நான் அப்போதும் இடமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கலங்கல் வழிந்து முழங்கால் அளவு தண்ணீர் வீதியைத் தாண்டியது. அந்தப் பக்கம் குடையோடு துரைசாமி மாமா நின்றார். பைஜாமாவைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் அவரிடம் நடந்து போனேன்.

"இப்ப இன்னா மாமா சொல்றீங்க?"

"மழ பேஞ்சுது, ரொம்பிச்சு. இதுல சொல்றதுக்கு இன்னாக்கீது?" என்றார்.

அந்த வருடம் எங்கள் முறை தானாகத் திரும்பி வந்தது. கொடுத்தவரும் பேசவில்லை, வாங்கியவரும் பேசவில்லை.

இப்போது கலங்கலை மூடி, அதன்மேல் செல்ஃபி எடுக்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். மதகுக்கு சிமென்ட் பூசிவிட்டார்கள். அந்தத் தண்ணீருக்குக் காத்திருக்க ஒரு வயலும் இல்லை. நாற்றங்கால் இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். முறை வைக்கிற ஆளும் இல்லை, முறை என்ற சொல்லும் இல்லை. ஏரி வற்றினால் யார்மேலாவது பழி போடுகிற அளவுக்கு அதைத் தினமும் பார்க்கிறவர்களும் இல்லை. துரைசாமி மாமா போய்விட்டார். அவரோடு வந்த நால்வரும் போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்த ஒரு போகத்துக்காக என்னிடம் வந்து தப்பு என்று சொல்ல ஊரில் ஆள் மிச்சமில்லை. அதனால் நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.