பட்டியலில் விடுபட்ட பெயர்

பகலில் நான் கல்முனையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளைம் ஃபைல் பார்க்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எங்கள் பகுதியில் மார்புப் புற்றுநோய் வந்த பெண்களை, அவர்கள் அனுப்பிய கிளைம்களை வைத்தே கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருந்தது.

வெறும் ஸ்கேன் பில் இருந்தால் அது சேர்க்காது. நோயின் பெயர் எழுதிய ரிப்போர்ட்டும், கூடவே ஒப்பரேஷனோ மருந்து ஏற்றியதோ இருந்தால்தான் பெயர் ஏறும். பெயர் ஏறியவர்களுக்கு வருடாந்தப் பரிசோதனையை நினைவூட்டி ஒரு தாதி ஃபோனில் கோல் எடுப்பார். ஃபைலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

பார்த்தேன். மருதமுனையில் எனக்கு அக்கா மாதிரியான ஜெஸீமா ராத்தாவின் பெயர் இல்லை.

ஏன் இல்லை? காரணம் நான்தான்.

போன வருடம் அவர் கணவர் ஃபைலோடு வந்தார். ஒரு கடதாசியை மட்டும் உருவி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இந்த ரிப்போட் வேணாம் தங்கச்சி. கட்டி எடுத்த எண்டு மட்டும் எழுதுங்க. மகளுக்குக் கலியாணம் பேசி வந்திரிக்கி.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் குடியிருப்பார். அதனால் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பதிலிருந்து உம்மாவின் உடம்பு வரை விசாரிப்பார்கள். எனக்குப் பாவமாக இருந்தது... எழுதிவிட்டேன்.

இப்போது அதே பட்டியலில் இன்னொரு பெயர். ராத்தாவின் மகளுக்குப் பேசி வந்த, பாலமுனை மாப்பிள்ளையின் உம்மா! அவர்களும் மூச்சு விடவில்லை.

சொல்ல முடியுமா? ஃபைலில் பார்த்ததை வெளியே சொன்னால் என் வேலை போகும் — போகத்தான் வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஜெஸீமா ராத்தா வீட்டுக்குப் போனேன்.

“செக்கப் போனீங்களா ராத்தா?”

“இல்ல புள்ள. போனா ஆக்கள் ஏன் எண்டு கேப்பாங்க. கலியாணம் முடியட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்.

“கலியாணத்துக்கு உம்மா இரிக்க வேணாமா?” என்றேன்.

கணவர் தரையைப் பார்த்தார். ராத்தா எழுந்துபோய், அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தார்.

“உள்ளத உள்ளபடி எழுதுங்க புள்ள.”

மறுநாளே திருத்தம் அனுப்பினேன். பிழை என்னுடையது என்றும் எழுதினேன். மனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெயர் ஏறியது, தாதியும் கோல் எடுத்தார்.

முந்தாநாள் ராத்தா பேசினார். “ஸ்கேன்ல ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். கிளினிக் வாங்குல எனக்குப் பக்கத்துல ஆர் இருந்த எண்டு தெரியுமா?”

தெரியாது என்றேன். வேறு என்ன சொல்ல?

“மாப்பிள்ளைட உம்மா. ரெண்டு பேரும் முதல்ல முக்காட்ட இழுத்து முகத்த மூடிக்கிட்டம். பொறகு அவங்கதான் கேட்டாங்க, ஒப்பரேஷன் எந்தப் பக்கம் எண்டு. வரக்குள்ள ஒரே வேன்லதான் வந்த.”

சுவர் வெடிப்பைக்கூட விடாமல் விசாரித்த இரண்டு வீடுகள். கேட்க வேண்டிய கேள்வியை ஒரு கிளினிக் பெஞ்சில்தான் கேட்டிருக்கின்றன.

இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரையும்தான் — தேடாதீர்கள்.

இனி அந்தத் தாதி ஒரு சம்பந்திக்குக் கோல் எடுத்தாலே போதும்.